சம்பாதித்த மகளும் சம்மதிக்காத வீடும்

மும்பை மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி வரிசையாக நிற்கும் கட்டடங்களில் ஒன்றின் பெயர் 'கிருஷ்ண மகால்'. சர்ச்கேட்டில் ரயிலை விட்டு இறங்கி அலுவலகங்களுக்கு விரையும் தமிழர்களில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. 1948, 1949-ஆம் ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தின் முன்னால் கூட்டம் கூடிச் சாலையில் போக்குவரத்து நின்றுபோனது உண்டு. போலீசார் வந்து வழி ஏற்படுத்த வேண்டியிருந்தது என்று அக்காலத்தவர் சொல்வார்கள். அங்கே வசித்த சுரையா என்ற இளம்பெண்ணை ஒரு கணமாவது பார்த்துவிட வேண்டும் என்பதே அந்தக் கூட்டத்தின் ஆசை.

சுரையா 2004 ஜனவரி 31-ஆம் தேதி மும்பையில் காலமானார். அன்று முதல் இன்று வரை அவரைப் பற்றி யார் எழுதினாலும் பேசினாலும், நடிகர் தேவ் ஆனந்துடன் அவருக்கு இருந்த காதல், அது நிறைவேறாமற் போன கதை என்று இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். காதல் கதை என்று சொல்லிவிட்டால் கேட்பவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறந்துவிடலாம். ஆனால் சுரையாவின் வாழ்க்கை அப்படி மறந்துவிடக் கூடியது அல்ல. ஒரு குடும்பத்தைத் தாங்கிய மகளுக்கு அந்தக் குடும்பத்தில் என்ன இடம் இருந்தது என்ற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்வி சினிமாக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று.

ஸ்டூல் மீது நின்ற சிறுமி

1929-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி பஞ்சாபில் பிறந்தவர் சுரையா. கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. மாமன் ஜஹூர் அந்நாளைய படங்களில் வில்லன் வேடங்களில் நடித்தவர். அவருடன் படப்பிடிப்பு பார்க்கப் போன சிறுமிக்கு, 'தாஜ்மகால்' (1941) படத்தில் இளம் மும்தாஜாக நடிக்கும் வாய்ப்பு கிடைத்தது. அப்போது வயது 12.

பாட்டுக்கு அவர் யாரிடமும் முறையாகச் சிட்சை பெற்றவர் அல்லர். பம்பாய் வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சியில் பாடி வந்தார். பின்னாளில் புகழ் பெற்ற ராஜ் கபூரும் மதன் மோகனும் அந்த நிகழ்ச்சிகளில் அவருடன் கலந்துகொண்ட சிறுவர்கள். அந்தக் குரலைக் கேட்ட இசையமைப்பாளர் நௌஷாத், 'சாரதா' (1942) படத்தில் கதாநாயகி மேதாபுக்காக இந்தச் சிறுமியைப் பாட வைத்தார். ஒலிவாங்கி எட்டாததால் ஸ்டூல் மீது நின்று பாடினார் என்று அந்த நாளைப் பற்றிச் சொல்வார்கள். 13 வயதுப் பெண் பாட, வளர்ந்த நடிகை திரையில் வாயசைத்தார். குரலை இரவல் கொடுத்துத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் தம் குரலைத் தாமே வைத்துக்கொண்ட கதாநாயகியாக விளங்கினார்.

அடுத்த ஆண்டே 'இஷாரா' படத்தில் பிருத்விராஜ் கபூருக்கு ஜோடி. அவருக்கு வயது 37, இவருக்கு 14. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் வீட்டுக்கு வருமானம் ஈட்டும் ஆளாகிவிட்டார் சுரையா. இன்று படித்தால் நெருடலாக இருக்கும் இந்தச் செய்தி, அன்றைய சினிமா உலகில் யாருக்கும் நெருடலாகப் படவில்லை. பின்னால் நேர்ந்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது என்று கொள்ளலாம்.

பாடும் நடிகையரின் கடைசி வரிசை

பேசும் படம் வந்த புதிதில் நடிப்பவரே பாடியாக வேண்டும். காமிராவும் ஒலிப்பதிவும் ஒன்றாக ஓடிய காலம் அது. 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் பின்னணிப் பாடலைப் புகுத்திய பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் பாடத் தெரிந்த நட்சத்திரங்களுக்கு மேலும் பத்தாண்டுக் காலம் மவுசு குறையவில்லை. முகமும் குரலும் ஒருவருடையதாக இருப்பதையே ரசிகர்கள் விரும்பினார்கள்.

தமிழ் ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாகவதரும் சின்னப்பாவும், கே.பி. சுந்தராம்பாளும் டி.ஆர். ராஜகுமாரியும் பாடி நடித்த காலம் அது. 1945-இல் ஏவி.எம். 'ஸ்ரீவள்ளி' படத்தில் குமாரி ருக்மிணியின் பாட்டு எடுபடவில்லை என்று கண்டு, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து அந்த இடங்களில் சேர்த்தார்கள். இனி முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்ற காலம் வந்துகொண்டிருந்தது. இந்திப் படவுலகிலும் காற்று அதே திசையில்தான் வீசியது.

அந்தக் காற்றில் நின்றவர் சுரையா. கே.எல். சைகல் அவருடைய குரலைக் கேட்டு விரும்பியதாலேயே 'தத்பீர்' (1945) படத்தில் அவருக்கு ஜோடியாகும் வாய்ப்பு வந்தது என்பார்கள். 'உமர் கய்யாம்' (1946), 'பர்வானா' (1947) ஆகிய படங்களிலும் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். 1947 ஜனவரியில் சைகல் மறைந்தார். அதே ஆண்டில் நாடு பிளவுபட்டது. 'அன்மோல் கடி' (1946) படத்தில் கதாநாயகியாக நடித்த நூர்ஜஹான் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார். இன்னொரு பாடும் நட்சத்திரமான குர்ஷீதும் சென்றுவிட்டார். அதே 'அன்மோல் கடி'யில் இரண்டாம் நாயகியாக வந்த சுரையா பம்பாயிலேயே தங்கினார்.

போட்டியாளர்கள் போய்விட்டதால் அவர் முன்னுக்கு வந்தார் என்று சிலர் குறைத்துப் பேசுவது உண்டு. அது நியாயமன்று. 'பியார் கி ஜீத்' (1948), 'படி பஹன்' (1949), 'தில்லகி' (1949) ஆகிய மூன்று படங்களும் அடுத்தடுத்து வெற்றி பெற்றன. காலி இடத்தில் உட்கார்ந்தவருக்கு அது கைகூடாது. இளைஞராக இருந்தபோது 'தில்லகி'யைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாக நடிகர் தர்மேந்திரா சொல்லியிருக்கிறார். அந்நாளில் நடிகையரில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர் சுரையாதான். அப்போது அவருக்கு வயது 20.

அவருடைய பாட்டில் சங்கதிகளின் வேகம் இராது. குரலை உயர்த்திக் கேட்பவரை மிரட்டும் வித்தையும் இராது. சொல்லைத் தெளிவாக உச்சரித்து, பொருள் உணர்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல் பாடுவார். இந்தி தெரியாதவர்கூட இலங்கை வானொலியில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நின்றது அதனால்தான்.

வீட்டின் தீர்ப்பு

'வித்யா' (1948) படத்தில் தேவ் ஆனந்த் அவருக்கு ஜோடியானார். அப்போது அவர் வளர்ந்து வரும் நடிகர். சுரையாவோ முன்னணி நட்சத்திரம். பாட்டுக் காட்சி ஒன்றில் படகு கவிழ்ந்தபோது தேவ் ஆனந்த் அவரைக் காப்பாற்றினார் என்ற செய்தி பலமுறை சொல்லப்பட்டது. 1948 முதல் 1951 வரை இருவரும் ஏழு படங்களில் சேர்ந்து நடித்தார்கள். தேவ் ஆனந்த் தம் சகோதரர் சேத்தன் ஆனந்துடன் தொடங்கிய நவகேதன் நிறுவனத்தின் முதல் படமான 'அஃப்சர்' (1950) படத்துக்கும் சுரையாவே கதாநாயகி.

இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். சுரையாவின் தாய்வழிப் பாட்டி பாதுஷா பேகம் கடுமையாக எதிர்த்தார். பையன் இந்து, பெண் முஸ்லிம் என்பது வெளியில் சொல்லப்பட்ட காரணம். படப்பிடிப்புக்குப் பாட்டி காவலாக வந்தார். சந்திப்புகள் தடுக்கப்பட்டன. தேவ் ஆனந்த் கொடுத்தனுப்பிய மோதிரம் கடலில் எறியப்பட்டது என்று கூறப்படுகிறது. 1951-க்குப் பிறகு இருவரும் சேர்ந்து நடிக்கவில்லை. தேவ் ஆனந்த் 1954-இல் நடிகை கல்பனா கார்த்திக்கை மணந்துகொண்டார். சுரையா கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வீட்டின் வருமானம் சுரையாவின் வருமானம். மரைன் டிரைவ் வாழ்வும் அவரால் வந்தது. எந்தப் படத்தில் நடிப்பது, யாருடன் நடிப்பது, படப்பிடிப்பு முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்பதையெல்லாம் தீர்மானித்தது மட்டும் மற்றவர்கள். லட்சக்கணக்கான ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய பெண், தம் வாழ்க்கையைப் பற்றிய ஒரு தீர்மானத்தைத் தாமே எடுக்க முடியவில்லை. சம்பாதிக்கும் போது பெரியவள். சம்மதம் கேட்கும் போது சிறுமி. வீடு அவரை அப்படித்தான் நடத்தியது.

மறுபக்கமும் உண்டு

பாட்டியை அரக்கியாக்கிப் பேசிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் காலத்தையும் பார்க்க வேண்டும். பிரிவினைக் கலவரத்தில் பஞ்சாப் ரத்தத்தில் மிதந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரு மதங்களைச் சேர்ந்த குடும்பங்களும் ஒன்றையொன்று அச்சத்துடன் பார்த்த நேரம். பஞ்சாபிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம், ஊரறிந்த தன் பெண்ணை ஓர் இந்து இளைஞருக்குக் கொடுத்தால் என்ன நேருமோ என்று பயந்ததில் வியப்பில்லை.

சட்டமும் அன்று துணை நிற்கவில்லை. இந்துவும் முஸ்லிமும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருந்தால், 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருவரும் தாங்கள் எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அறிவிக்க வேண்டும். 21 வயது நிறையாவிட்டால் தந்தை அல்லது பாதுகாவலரின் சம்மதமும் வேண்டும். சுரையாவுக்கு 21 வயது நிறைந்தது 1950 ஜூனில்தான். மதத்தைத் துறக்காமலே மணம் செய்துகொள்ள வழி செய்த தனித் திருமணச் சட்டம் 1954-இல்தான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரியில். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சுரையாவும் பிற்காலப் பேட்டிகளில் தமக்குத் துணிச்சல் போதவில்லை என்ற பொருள்படப் பேசியிருக்கிறார். குறையைத் தம் மீதே ஏற்றுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. ஆனால் 14 வயது முதல் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன வசனத்தைப் பேசி, சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பிப் பழகிய ஒரு பெண்ணுக்குத் துணிச்சல் எங்கிருந்து திடீரென்று வரும்? துணிச்சல் என்பது சிறு சிறு தீர்மானங்களை எடுத்துப் பழகியவர்களுக்கு வருவது. அந்தப் பழக்கத்தை அந்த வீடு அவருக்குக் கொடுக்கவில்லை. பாட்டியின் அச்சம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டாலும், சம்பாதிப்பதற்குப் பெரியவளான பெண்ணைக் கலந்து பேசுவதற்கும் பெரியவளாகக் கருதவில்லை என்ற குற்றம் குற்றமாகவே நிற்கிறது.

காலிபுக்குக் கிடைத்த குரல்

இத்துடன் சுரையா முடிந்துபோனார் என்று நினைப்பவர்கள் 'மிர்சா காலிப்' (1954) படத்தை மறந்துவிடுகிறார்கள். சோராப் மோடி தயாரித்து இயக்கிய படம். கதை சாதத் ஹசன் மண்டோவுடையது. படம் வெளிவந்தபோது மண்டோ பாகிஸ்தானில் இருந்தார். பரத் பூஷண் கவிஞர் காலிபாக நடிக்க, அவருடைய கஜல்களில் மனத்தைப் பறிகொடுக்கும் பெண்ணாக சுரையா நடித்தார். குலாம் முகமதுவின் இசையில் அவர் பாடிய காலிபின் கஜல்கள், புலவர்களின் கூட்டத்தில் வழங்கிவந்த கவிதையைப் பாமர மக்களின் வாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தன.

அந்தப் படத்துக்கு ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் இந்திப் படம் அதுவே. சுரையா காலிபுக்கு மீண்டும் உயிர் கொடுத்துவிட்டார் என்ற பொருளில் பிரதமர் நேரு பாராட்டியதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 25 வயதில், மனம் உடைந்ததாக ஊர் சொன்ன காலத்தில், தம் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையை அவர் செய்து காட்டினார். சோகச் சித்திரமாக மட்டும் அவரை வரைவது, இந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

ஆயினும் காலம் மாறிவிட்டது. 1949-இல் 'மஹல்' படத்துக்குப் பிறகு லதா மங்கேஷ்கரின் குரல் இந்தித் திரையை ஆளத் தொடங்கியது. எந்த நடிகைக்கும் அந்தக் குரல் பொருந்தியது. நடிப்பவர் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டிய அவசியம் அறவே போய்விட்டது. பாடும் நட்சத்திரத்துக்கென்று கதை தேடுவதற்குத் தயாரிப்பாளர்களுக்கும் பொறுமை இல்லை. படங்கள் குறைந்தன. 1963-இல் வெளிவந்த 'ருஸ்தம் சோஹ்ராப்' சுரையாவின் கடைசிப் படம். 'இஷாரா'வில் 14 வயதில் யாருக்கு ஜோடியாக நடித்தாரோ, அந்தப் பிருத்விராஜ் கபூரும் அந்தப் படத்தில் இருந்தார். 34 வயதில் சுரையா திரையை விட்டு விலகினார்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள்

அதற்குப் பின் 40 ஆண்டுகள் அதே 'கிருஷ்ண மகால்' வீட்டில் வாழ்ந்தார். 1987-இல் தாயார் மறைந்த பின் தனிமை கூடியது. மீண்டும் நடிக்கவில்லை, மீண்டும் பாடவும் இல்லை. எப்போதாவது ஒரு விழாவுக்கு வருவார். நகை அணிந்து, அலங்காரம் குறையாமல், பழைய நட்சத்திரத்தின் மிடுக்குடன் வருவார். வறுமையில் வாடி யாரிடமும் கை நீட்டும் நிலை அவருக்கு வரவில்லை. தம்மைப் பற்றிப் பிறர் பரிதாபப்படுவதை அவர் விரும்பியதாகவும் தெரியவில்லை.

2004-இல் அவர் மறைந்தபோது மரைன் லைன்ஸில் உள்ள படா கப்ரஸ்தானில் அடக்கம் செய்யப்பட்டார். 2007-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் தேவ் ஆனந்த் அந்தக் காதலை மறைக்காமல் எழுதினார். அவர் தம் பக்கத்தைச் சொல்ல நீண்ட ஆயுளும் புத்தகமும் இருந்தன. சுரையா தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதவில்லை. அதனால்தான் இன்று அவருடைய வாழ்க்கை இன்னொருவரின் சுயசரிதையில் ஓர் அத்தியாயமாகச் சுருங்கிக் கிடக்கிறது. 2013-இல் இந்திய சினிமா நூற்றாண்டையொட்டி அஞ்சல் துறை வெளியிட்ட தபால் தலைகளில் அவருடைய படமும் இடம் பெற்றது. அது ஒன்றுதான் அவருக்கென்று தனியாகக் கிடைத்த சிறு ஜன்னல்.

பாடம் யாருக்கு?

சினிமா நடிகையின் கதை குடும்பப் பெண்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள், காலை நேர மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியைப் பார்க்க வேண்டும். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். தம்பியின் படிப்புச் செலவு, ஊரில் கட்டும் வீட்டின் கடன், அப்பாவின் மருந்து என்று அவர்களுடைய சம்பளம் முதல் வாரத்திலேயே பங்கு பிரிக்கப்பட்டுவிடுகிறது. அவர்களும் மனமுவந்துதான் கொடுக்கிறார்கள். அதில் தவறு ஏதும் இல்லை. குடும்பம் என்றால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வதுதான்.

ஆனால் அந்தப் பெண் மேலே படிக்க விரும்பினால், வேறு ஊரில் நல்ல வேலை வந்தால், தனக்குப் பிடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று வாயெடுத்தால், வீட்டின் குரல் மாறிவிடுகிறது. "உனக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் போது எல்லாம் தெரிந்திருந்த பெண்ணுக்கு, இப்போது மட்டும் ஒன்றும் தெரியாமற் போய்விடுகிறது. இன்னும் சில வீடுகளில், "தம்பிக்கு வேலை கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அவளுடைய கல்யாணப் பேச்சையே தள்ளிப் போடுகிறார்கள். வருடங்கள் ஓடிவிடுகின்றன. பிறகு, "அவளுக்கே இஷ்டமில்லை" என்று உறவினரிடம் சொல்கிறார்கள்.

பெற்றோர் பேச்சை மதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இளவயதின் தேர்வுகள் தவறுவதும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் எச்சரிப்பது கடமை. ஆனால் எச்சரிப்பது வேறு, தீர்ப்பு எழுதுவது வேறு. எச்சரித்த பின் முடிவை அவளிடம் விடுகிற வீட்டில், தவறு நேர்ந்தாலும் மகள் திரும்பி வருவாள். சேர்ந்து சரி செய்யலாம். மோதிரத்தைப் பிடுங்கிக் கடலில் எறிகிற வீட்டில் சரி செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. அங்கே மகள் அதே கூரையின் கீழ்தான் இருப்பாள்; ஆனால் மனத்தில் உள்ளதை வீட்டில் யாரிடமும் சொல்லமாட்டாள்.

சுரையா சுமார் 70 படங்களில் நடித்தார். 300-க்கு மேற்பட்ட பாடல்களைப் பாடினார். அந்தப் பாடல்களில் தம் குரலை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காமல் நின்றார். அந்த உரிமையை ஸ்டுடியோ அவருக்குக் கொடுத்தது. வீட்டில் அது கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் மகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: "நீ என்ன நினைக்கிறாய், அம்மா?" கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். கிருஷ்ண மகாலில் எவரும் கேட்காத கேள்வி அது.